எலி நடந்துவிட்டதாம்

அண்ணா ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் நேராக என் கட்டிலுக்கு வந்து நின்றான். கையில் நாலாக மடித்த ஒரு பத்திரிகைத் தாள். முகம் முழுக்க வியர்வை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"எலி நடந்துடுத்துடீ!" என்றான்.

மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் பழைய வீடு எங்களுடையது. எலி நடப்பது அங்கே செய்தியே இல்லை. ஆனால் இவன் சொன்னது வெளிநாட்டு எலி. ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் எலியின் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தை அறுத்து, அறுத்த இடத்தில் வேறு செல்களை வைத்துப் பார்த்தார்களாம். இழுத்துக்கொண்டு கிடந்த பின்னங்கால் அசைந்ததாம். அண்ணா அதை உரக்கப் படித்தான். அம்மா கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வந்து கேட்டாள். எலியின் கால் அசைந்த இடத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் தாளை வாங்கி நானே படித்தேன். சாந்தோமில் ஒரு கான்வென்ட் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவள் நான். அந்த எலிக்குக் கூரான கத்தியால் சுத்தமாக அறுத்திருந்தார்கள், அறுத்த கையோடு செல்லை வைத்துவிட்டார்கள். என் தண்டுவடமோ எலும்பு இறங்கி நசுங்கிப்போனது, மாதங்கள் ஆனது. கடைசிப் பத்தியில் அந்த ஆராய்ச்சிக்காரர்களே, மனிதர்களுக்கு இது வந்து சேர இன்னும் வெகுகாலம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணா அந்தப் பத்தியைப் படிக்காமல் நிறுத்திவிட்டான்.

"கடைசிப் பாராவையும் படிச்சுக் காட்டு அம்மாவுக்கு" என்றேன்.

"அதெல்லாம் அவா ஜாக்கிரதைக்காகப் போட்டுக்கறது" என்றான்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது. எலியை வெட்டித் தைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் எனக்கு ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் அடையாறில் இருந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

நான் விழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சின்னக் கதை. ஸ்கூட்டரை ஓட்டியது அண்ணா. தி. நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். நான் புடவையில் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன், மடியில் கேரியர். லஸ் அருகில் யாரோ கேபிளுக்காகத் தோண்டிவிட்டு, மண்ணைத் தள்ளி மூடியதாகப் பெயர் பண்ணியிருந்த பள்ளம். முன்சக்கரம் அதில் இறங்கி ஏறியது. அண்ணா சமாளித்துவிட்டான். நான் பின்பக்கமாகக் கழன்று நடைபாதைக் கல்லின் விளிம்பில் முதுகு அடிபட விழுந்தேன். கேரியருக்கு ஒரு சொட்டை இல்லை. அம்மா அதில்தான் பிறகு எனக்கு ஆஸ்பத்திரிக்கு ரசஞ்சாதம் கொண்டுவந்தாள்.

கூடியவர்கள் எல்லாரும் நல்லவர்கள். நம் ஊரில் விழுந்தவளை விழுந்த இடத்தில் கிடக்க விட்டால் பாவம். "தூக்குப்பா, ஆட்டோல குந்த வை!" என்று ஒருவர் தோளைப் பிடித்தார், ஒருவர் காலைப் பிடித்தார். நடுவில் உடைந்திருந்த என்னை மடக்கி ஆட்டோவில் உட்கார வைத்து, வாயில் சோடாவும் ஊற்றினார்கள். படுக்கப் போட்டிருக்க வேண்டிய அந்த ஒரு நேரத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அதன் பிறகு, உட்கார வைத்திருக்க வேண்டிய காலம் பூராவும் படுக்கப் போட்டார்கள். என் கதையே இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விவரம்.

ஆஸ்பத்திரியில் முதுகைத் திறந்து கம்பி வைத்துக் கட்டினார்கள். பெரிய டாக்டர் வராந்தாவில் அண்ணாவைத் தனியாக அழைத்துப் பேசினார். அண்ணா உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. "நன்னாயிடும்னு சொல்லிட்டார்" என்றான். டாக்டரும் என்னிடம் அதையேதான் சொன்னார்: "எல்லாம் சரியாயிடும்மா, தைரியமா இருங்க." முதுகு என்னுடையது, கால் என்னுடையது, அதைப் பற்றிய விவரம் மட்டும் எனக்கு ஆகாதாம். ஆனால் இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்திப் பார்க்கும்போது நர்ஸின் கை நகர்வது தெரிகிறது, குத்துவது தெரியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவளே நான்தானே. யாரும் சொல்லாமல் நானே தெரிந்துகொண்டேன். அழுதேன். அழுது முடித்த பிறகு, சரி, அடுத்து என்ன என்று கேட்க ஓர் ஆள் தேடினேன். அந்தக் கேள்விக்குத்தான் ஆளே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் கட்டில் போட்டார்கள். ஆப்பிளும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக மனிதர்கள் வந்தார்கள். கட்டிலில் தொங்கும் மூத்திரப் பையை அவர்கள் பார்க்கக்கூடாது என்று அம்மா தன் பழைய புடவையை மடித்து அதன்மேல் திரை மாதிரி போடுவாள். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கேரளத்தில் எண்ணெய், ஆந்திரத்தில் மீன் கூட விழுங்கச் சொல்கிறார்களாம், நாம் சைவம் என்பதால் அது வேண்டாம், வடக்கே ஒரு சாமியார் மிதித்தால் போதுமாம். நடப்பதைத் தவிர வேறு எதையும் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. நான் என்ன படிக்கிறேன், எனக்கு என்ன பிடிக்கும், டி.வி.யில் எது ஓடுகிறது, எதுவுமில்லை. ஒரு ஆள் முழுதும் காலாகிவிட்டேன்.

பள்ளியின் தலைமையாசிரியை சிஸ்டர் ஒருவர்தான் வேறு மாதிரி பேசினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், மூத்திரப் பையை மறைத்த புடவையை ஒருமுறை பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வீல்சேர் வாங்கியாச்சா?" என்றார்.

அம்மா அவசரமாக, "அதெல்லாம் எதுக்கு சிஸ்டர்? நடந்துடுவா" என்றாள்.

"நடக்கும்போது நடக்கட்டும். லேப் கீழ்த்தளத்துலதான் இருக்கு. பிளஸ் டூ வகுப்பையும் கீழ மாத்திடறேன். உட்கார்ந்து பழகிட்டு ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்ப வந்துடுங்க. அதுவரைக்கும் வேற ஆள் போடாம சமாளிச்சுக்கறேன்" என்றார் என்னைப் பார்த்து.

விழுந்த பிறகு முதன்முறையாக எனக்கு ஒரு மாதத்தின் பெயர் அந்த மாதமாகவே கேட்டது. ஜூன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஒரு சக்கர நாற்காலி, அதில் உட்காரப் பழகுவதற்குக் கொஞ்ச நாள், ஜூன் மாதம்.

சிஸ்டர் வாசல் தாண்டியதும் அம்மா தொடங்கினாள். "அந்த நாற்காலி ஆத்துக்குள்ள வந்துடுத்துன்னா நீ அதுலயே உட்கார்ந்துடுவே. உடம்பும் அதுக்குப் பழகிடும். அபசகுனம்டீ. வேண்டாம்."

அம்மாவுக்கு அது சகுனம். அண்ணாவுக்கு விஷயம் வேறு. அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். என்னைவிட ஐந்து வயது மூத்த அண்ணாதான் என்னைப் படிக்க வைத்தது. அவன் ஓட்டிய வண்டியிலிருந்து நான் விழுந்தேன். அன்றிலிருந்து அவன் ஸ்கூட்டரைத் தொடவில்லை. ரேழியில் பழைய போர்வை போர்த்தி நிறுத்தியிருந்தான், பஸ்ஸில் போய்வந்தான். வந்த ஜாதகங்களையெல்லாம் திருப்பி அனுப்பினான். "நீ நடந்து வந்து மாலை எடுத்துக் குடுக்கணும். அன்னிக்குத்தான் எனக்குக் கல்யாணம்" என்றான். கேட்பதற்கு உருக்கமாக இருக்கும். எங்கள் உறவில் எத்தனை பேர் இதைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினார்கள்! எனக்கோ கழுத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. என் கால் எழுந்தால்தான் அவன் பாவம் தீரும், அவன் கல்யாணம் நடக்கும், அம்மாவுக்குப் பேரன் பிறப்பான். வீட்டில் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றால், இவன்தான் தள்ளினான் என்று அது தினமும் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் எனக்கு நாற்காலி கிடையாது.

ஒருநாள் காலையில் அம்மா என் போர்வையை மாற்றும்போது வலது கால் வெடுக்கென்று உதறி மடங்கியது. "அசைஞ்சுடுத்து! அசைஞ்சுடுத்து!" என்று அம்மா போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அண்ணா லீவு போட்டுவிட்டுக் கபாலி கோயிலுக்கு ஓடி அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தான். விபூதியை என் முழங்காலில் பூசினான். அது அனிச்சைச் செயல். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூளையை அழித்துவிட்ட தவளையின் காலைக் கிள்ளினால் அதுவும் இழுத்துக்கொள்ளும். வருஷா வருஷம் அதைச் செய்து காட்டி மார்க்கும் போட்டிருக்கிறேன். நான் சொன்னேன். அண்ணா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ ஏன் எப்பவும் இப்படி நெகட்டிவாவே பேசறே?" என்றான். பாடம் நடத்தியபோது நான் டீச்சர். படுத்துக்கொண்டு அதே பாடத்தைச் சொன்னால் நான் நெகட்டிவ்.

இந்த நிலையில்தான் எலி நடந்தது. எலி நடந்த கொஞ்ச நாளில் அண்ணா அடையாறு டாக்டரைக் கண்டுபிடித்தான்.

சின்ன நர்ஸிங் ஹோம். உள்ளே ஏ.ஸி., மீன்தொட்டி. சுவரில் டாக்டர் வெளிநாட்டில் யார் யாரோடோ கை குலுக்கும் படங்கள். என்னை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினார்கள். டாக்டர் நல்ல நிறம், நல்ல சட்டை, இனிமையான குரல். கடைசிவரை அவர் அண்ணாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"பாருங்க சார், கட்டடம் கட்டறப்ப முதல்ல சாரம் கட்டறோம் இல்லையா? அதே மாதிரி அறுந்த இடத்துல ஒரு மெட்டீரியல் வெச்சு சாரம் கட்டிடுவோம். அது மேல செல்லை ஏத்துவோம். கரு நிலையில இருக்கற செல். சின்னக் குழந்தை மாதிரி. எங்க விட்டாலும் அந்த இடத்துக்குத் தக்கபடி வளர்ந்துக்கும். நரம்பு தானா ஜாயின் ஆயிடும்."

அண்ணா கைகூப்பாத குறை. நான் ஓரத்திலிருந்து கேட்டேன்: "நசுங்கி இவ்வளவு நாளான இடத்துல தழும்பு கட்டியிருக்குமே, டாக்டர். அதைத் தாண்டி எப்படி வளரும்? இதுக்கு முன்னாடி பண்ணிண்டவா யாராவது நடக்கறாளா? நான் அவாளைப் பார்க்கலாமா?"

டாக்டர் அப்போதுதான் ஸ்ட்ரெச்சரில் ஆள் இருப்பதைக் கவனித்தவர் போலத் திரும்பினார். சிரித்தார். "டீச்சரா? அதான் கேள்வி கேக்கறாங்க. சார், பேஷன்ட்டுக்கு நம்பிக்கை ரொம்ப முக்கியம். நம்பிக்கை இல்லாத உடம்புல செல் பிடிக்காது" என்றார் அண்ணாவிடம்.

என்ன ஒரு சாமர்த்தியம்! செல் பிடித்தால் அவர் திறமை, பிடிக்காவிட்டால் என் நம்பிக்கைக் குறைவு. சந்தேகப்படுவது என் தொழில். அதையே அவர் என் வியாதியின் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

செல் வரக் கொஞ்சம் காலம் ஆகும், வரிசையில் உங்களை வைத்திருக்கிறேன் என்றார். அதுவரை ஒரே ஒரு நிபந்தனை. "உட்காரக் கூடாது. முதுகு மடங்கவே கூடாது. பலகை மாதிரி நேரா மல்லாந்து இருக்கணும். மடங்கினா அப்புறம் சாரம் நிக்காது, நான் பொறுப்பில்ல."

அது என்ன சாஸ்திரமோ எனக்கு இன்றுவரை தெரியாது. எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் அனுப்பும்போது நேர்மாறாகத்தான் சொன்னார்கள். இரண்டு மணிக்கொருதரம் திருப்பிப் போடுங்கள், சீக்கிரம் உட்கார வையுங்கள் என்று. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் நடக்க முடியும் என்று சொல்லவில்லையே. நடக்க முடியும் என்று சொன்னவர் சொல்தான் எங்கள் வீட்டில் வேதமானது. ஒருக்களித்துப் படுத்தால்கூட முதுகு வளையும் என்று அம்மா இரண்டு பக்கமும் தலையணை வைத்து அணை கட்டினாள். நான் கத்தினேன். சாப்பிட மாட்டேன் என்றேன். "ஜூன்ல ஸ்கூலுக்குப் போகணும், என்னை உட்கார வை" என்று அண்ணாவிடம் கெஞ்சவும் கெஞ்சினேன்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோடீ. ஸ்கூலுக்கு நடந்தே போகலாம்" என்றான். சொல்லும்போது என் தலையைத் தடவிக்கொடுத்தான். அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொல்கிறவனை என்ன செய்வது? அடிக்கிறவனாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

மே மாத வெயிலில், ஃபேன் காற்று அனலாக இறங்கும் கூடத்தில், செல்லுக்காகக் காத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். முதலில் வந்தது நாற்றம். எனக்கு அங்கே வலி கிடையாதே, அதனால் எனக்கும் மூக்கால்தான் தெரிந்தது. அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். முதுகின் கடைசியில், உட்காரும் எலும்புக்கு மேலே, தோல் கறுத்துக் குழிந்து கைவிரல் போகும் அளவுக்குப் புண். படுக்கைப்புண். ஸ்கூல் திறந்த வாரம் நான் ஜுரத்தில் பிதற்றிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

அண்ணா அடையாறுக்கு ஓடினான். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். புண் இருக்கிற உடம்பில் செல் வைக்க முடியாதாம். கிருமி இருக்கிறதாம். ஆறிய பிறகு வாருங்கள், இடத்தை வைத்திருக்கிறேன் என்றாராம். படுத்தே கிட என்றவரும் அவர்தான், படுத்ததால் வந்த புண்ணைக் காட்டி வராதே என்றவரும் அவர்தான். நான் சிரித்தேன். ஜுரத்திலும் சிரிப்பு வந்தது. அண்ணா பயந்து நர்ஸைக் கூப்பிட்டான்.

அந்த வார்டில் என் அடுத்த கட்டிலில் சாந்தோம் கடலோரக் குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். மீன் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான், விழுந்து முதுகு போயிற்று. எங்கள் இருவரையும் புண் காரணமாகக் குப்புறப் படுக்கப் போட்டிருந்தார்கள். கன்னத்தைத் தலையணையில் வைத்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடந்தோம். எனக்குப் புண் வந்த விதத்தைக் கேட்டாள். சொன்னேன். அவள் கண் விரிந்தது.

"இன்னா டீச்சர், உன்னியும் குந்தாதேன்னுட்டானா?" என்றாள். "மீன்தொட்டி வெச்சிக்கினு கீறானே, அந்த டாக்டரா?"

"அவர்தான்."

"நானும் அங்கதான் போனேன். எனக்கு ஊசி போட்டுட்டாங்கோ. முதுகுலயே குத்தி ஏத்தினாங்கோ. காலு வந்துடும், குந்தாம படுத்துக்கினே இருன்னாங்கோ. இன்னா வந்துச்சி? ஜுரம் வந்துச்சி. அப்பால இந்தப் புண்ணு வந்துச்சி. காலு அப்டியேதான் கீது."

"போய்க் கேட்டேளா?"

"எங்க ஊட்டுக்காரரு போய்க் கேட்டாரு. உன் பொண்டாட்டி ஒயுங்கா படுக்கல, அசைஞ்சிட்டா, அதான்னு சொல்லி அனுப்பிட்டான். எங்க ஊட்டுக்காரரு திரும்பி வந்து என்னிய இன்னா திட்டு திட்டினாரு தெரியுமா? எதுக்குடி அசைஞ்சேன்னு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அந்தச் சந்தையில் வைத்தியம் தோற்பதே இல்லை. தோற்பது நாங்கள்தான். எனக்கு நம்பிக்கை போதவில்லை, அவள் அசைந்துவிட்டாள். மயிலாப்பூர் டீச்சருக்கும் குப்பத்து மீன்காரிக்கும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே மாதிரிக் குழி.

அவள் சொன்னதை அண்ணாவிடம் சொன்னேன். அவளையே சொல்ல வைத்தேன். நின்று கேட்டான். அதன் பிறகு அடையாறு என்ற பேச்சை எடுக்கவில்லை. சக்கர நாற்காலி பேச்சையும் எடுக்கவில்லை. பத்திரிகைத் துண்டுகளை மட்டும் தொடர்ந்து சேர்த்துக்கொண்டிருந்தான். அந்த வருஷங்களில் அப்படிச் செய்திகள் அடிக்கடி வந்தன. எதுவாகவும் மாறக்கூடிய செல்லை வெளிநாட்டில் தனியாகப் பிரித்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி வந்த நாள் அண்ணா அதை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினான். நல்ல செய்திதான் அது. எனக்கும் அதில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஊரில் மழை பெய்யும் என்று கேள்விப்பட்டதற்காக இருக்கிற குடத்துத் தண்ணீரைக் கொட்டுகிறவர்களை என்ன சொல்வது?

புண் ஆற வருஷம் திரும்பிவிட்டது. தொடையிலிருந்து சதையைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். சிஸ்டர் எனக்காக முடிந்தவரை பொறுத்தார். பிறகு பிளஸ் டூவுக்கு வேறு ஆள் போட்டார், பரீட்சை வைத்துக்கொண்டு பிள்ளைகளை எத்தனை நாள் அந்தரத்தில் விடுவார், பாவம். என் லேப், என் தவளைகள், என் கரும்பலகை எல்லாம் போயின. கால் போனது விபத்தில். இது போனது விபத்தில் இல்லை.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் சிஸ்டர் ஒரு பகல் நேரத்தில் ஆட்டோவில் வந்தார். ஆட்டோவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி ஒரு சக்கர நாற்காலி. கான்வென்டில் வயதான ஒரு சிஸ்டர் உபயோகித்தது, அவர் காலமாகிவிட்டார் என்றார்.

"செத்துப்போனவா நாற்காலியா?" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"வெச்சிட்டுப் போறேன்மா. பிடிக்கலைன்னா துணி உலர்த்துங்க" என்றார் சிஸ்டர். என் பக்கம் திரும்பி, "ஆறாம் வகுப்பு சயின்ஸ் இருக்கு. காலாண்டு லீவு முடிஞ்சதும் வரணும். வருவீங்களா?" என்றார்.

வருவேன் என்றேன். ஆறாம் வகுப்பு. இலையின் பாகங்கள், எளிய எந்திரங்கள். இருக்கட்டும்.

உட்கார்ந்ததும் முதலில் கண் இருட்டியது. இத்தனை நாள் கூரையை மட்டும் பார்த்த தலை அல்லவா. தினமும் கொஞ்ச நேரம், பிறகு இன்னும் கொஞ்சம் என்று பழகினேன். நிலைப்படியைத் தாண்ட ஒரு பலகை அடித்துப் போட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைக்கிற நிலைப்படியைப் பலகை மறைக்கக் கூடாது என்று அம்மா அன்றைக்கு மட்டும் எடுத்துவிடுவாள். ஆக வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வீட்டுக்காவல். அண்ணா நாற்காலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது இருக்கும் பக்கம் பார்க்காமல் சுவரோரமாக நடந்து போவான். நான் அதில் இருக்கும்போது என்னோடு பேச வேண்டியிருந்தால் என் தலைக்கு மேலே பார்த்துப் பேசுவான்.

இப்படியே நவராத்திரி வந்தது. ஆயுத பூஜையன்று காலையில் அம்மா கூடத்தில் புத்தகங்களை அடுக்கினாள். தையல் மெஷின், அரிவாள்மணை, கிரைண்டர், டி.வி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பிரஷர் குக்கரின் வயிற்றில்கூட ஒரு பொட்டு. பிறகு ரேழியில் போர்வையை எடுத்துவிட்டு அண்ணா ஸ்கூட்டரைக் கழுவினான். ஓட்டாத வண்டியானாலும் சாஸ்திரத்துக்கு விடக்கூடாதாம். அம்மா அதன் முகத்தில் மூன்று விரலால் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, சாமந்திச் சரம் சுற்றினாள்.

நான் நாற்காலியை உருட்டிக்கொண்டு ரேழிக்கு வந்தேன். "இதுக்கு?" என்றேன், சக்கரத்தைத் தட்டி.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "அதுக்கு எதுக்குடி? இன்னும் இருக்கணும், நன்னா விருத்தியாகணும்னு வேண்டிக்கற சாமானுக்குத்தான் வெக்கறது. இது போகணும்னுன்னா வேண்டிண்டிருக்கேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "என்னைக் கீழே போட்ட வண்டிக்குச் சந்தனம். என்னைத் தூக்கிண்டு போற வண்டிக்கு ஒண்ணும் கிடையாது. அப்படித்தானே?" என்று கத்தினேன். தெருவில் போன யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன்.

அண்ணா கையில் குங்குமச் சிமிழோடு நின்றான். "அன்னிக்கு நான் மட்டும் அந்தப் பள்ளத்தைப் பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பள்ளத்துக்காக உன்மேல எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்ல, அண்ணா" என்றேன். "யார் ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்பேன். என்னை உட்காரவிடாம படுக்கப் போட்டே பாரு, அதுக்குத்தான் கோபம். அது போகாது. உன் மனசு ஆறணும்னு என் உடம்பை நடக்கச் சொல்லிண்டே இருந்தே. என் வேலை போச்சு. சதை அழுகிப் போச்சு. நான் ஒருதரம் கேட்டேனா, என் காலைக் குடுன்னு? நாற்காலியைத்தானே கேட்டேன்!"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணா அழவில்லை. தட்டிலிருந்து எலுமிச்சம்பழம் இரண்டை எடுத்தான். ஸ்கூட்டருக்கென்று வைத்திருந்தவை. என் எதிரே தரையில் உட்கார்ந்து, பெரிய சக்கரங்கள் இரண்டுக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்தான்.

"கையை எடு" என்றேன்.

எடுத்தான். நான் வளையத்தைப் பிடித்துத் தள்ளினேன். ஒரு தள்ளில் ஏறவில்லை. அவன் உதவ எழுந்தான், நான் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துகொண்டான். மூச்சைப் பிடித்து இன்னொரு முறை தள்ளினேன். இரண்டு பழமும் நசுங்கித் தெறித்தன.

அண்ணா சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் குனிந்தான். விரலைக் கொண்டுபோன இடத்தில் என் பாதங்கள் இருந்தன. அவன் உதடு ஏதோ சுலோகம் முணுமுணுத்தது. சந்தனம் தோய்ந்த விரல் என் கால் கட்டைவிரலைத் தொட்டிருந்தது. தொட்டதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"காலுக்கு இல்லண்ணா" என்றேன். "சக்கரத்துக்கு வை."

அண்ணா கையை நகர்த்திச் சக்கரத்துக்கு வைத்தான்.